துட்டன்காமுனின் விதவையா, நெஃபர்டிட்டியா? ஹிட்டைட் பலகையில் வரும் எகிப்து ராணி யார்?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

வணக்கம். எகிப்து வரலாறு தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். எங்கள் வாசகர் வட்டத்தில் மாதத்துக்கு ஒருவர் ஏதாவது ஒரு பழைய விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த மாதம் என் முறை. நான் எடுத்துக்கொண்டது அந்த ராணியின் கடிதம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவனை இழந்த எகிப்து ராணி ஒருத்தி, தன் நாட்டோடு சண்டையில் இருக்கிற ஹிட்டைட் அரசன் சுப்பிலுலியுமாவுக்கே ஆளனுப்புகிறாள். என் கணவர் இறந்துவிட்டார், எனக்கு மகன் இல்லை, உங்களுக்கு மகன்கள் நிறைய என்று கேள்விப்பட்டேன், ஒருவனை அனுப்பினால் அவனையே கணவனாக்கிக்கொள்கிறேன், என் வேலைக்காரன் ஒருவனைப் பிடித்துப் புருஷனாக்க மாட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது. இதுதான் சேதி. அவரும் யோசித்து யோசித்துக் கடைசியில் சன்னன்சா என்கிற மகனை அனுப்புகிறார். பையன் உயிரோடு போய்ச் சேரவில்லை.

கதை எனக்குப் பாடமாகிவிட்டது, ராணியின் பெயரில்தான் சிக்கிக்கொண்டேன். யூடியூப்பில் ஒருவர் அங்கெசெனாமுன் என்று அடித்துச் சொல்கிறார். எங்கள் வட்டத்தில் இருக்கும் மாமா ஒருவர் நெஃபர்டிட்டியை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்கிறார். வேறொரு இடத்தில் பார்த்தால் தஹமுன்சு என்று புதிதாக ஒரு பெயர். இவர்கள் ஒரே ஆளா, மூன்று பேரா? எகிப்துக்காரர்கள் சுவர் சுவராக எழுதித் தள்ளியவர்கள் ஆயிற்றே, இதைப் பற்றி அவர்கள் ஒரு வரி கூடவா எழுதவில்லை?


களிமண் (பிரிக்பீல்ட்ஸ்)

முதலில் தஹமுன்சுவை ஒதுக்கிவிடலாம், அது பெயரே இல்லை. அரசனின் மனைவி என்கிற எகிப்தியப் பட்டம் அது. ஹிட்டைட் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆப்பெழுத்தில், அதாவது ஈரக் களிமண்ணில் குத்தி எழுதும் எழுத்தில், எழுதி, அதையே அவளுடைய பெயர் என்று நினைத்துக்கொண்டார். 1960-ல் வால்டர் ஃபெடெர்ன் என்பவர் இதை எடுத்துக் காட்டினார், அதன் பிறகு இதில் பெரிய தகராறு இல்லை. ஆக உங்கள் மாமாவுக்கும் யூடியூப்காரருக்கும் நடுவில்தான் வழக்கு.

இந்தக் கதை நமக்கு எங்கிருந்து கிடைத்தது என்று பாருங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே இருக்கிறது. ஹிட்டைட் தலைநகர் ஹத்துசா, இன்றைய துருக்கியில் போகாஸ்காலே பக்கம். 1906-ல் அங்கே தோண்ட ஆரம்பித்தபோது களிமண் பலகைகள் கூடை கூடையாக வந்தன. அதில் ஒன்று, சுப்பிலுலியுமாவின் மகன் முர்சிலி தன் அப்பாவின் வீரச் செயல்களைப் பற்றி எழுதவைத்த நூல். அதாவது ராணியின் கடிதம் நம் கையில் இல்லை. அவள் அனுப்பியதை ஒரு தலைமுறை கழித்து, எதிர்நாட்டு அரசன், தன் அப்பாவின் புகழ் பாடும் இடத்தில் எடுத்துச் சொல்கிறான். அவனுக்கு அவள் யாரென்பது முக்கியமில்லை. எகிப்தின் ராணியே என் அப்பாவிடம் வந்து கெஞ்சினாள் என்றால் போதும், அதற்குப் பட்டமே போதுமானது.

ஆனால் அதே முர்சிலி செத்துப்போன கணவனின் பெயரை எழுதிவைத்திருக்கிறான். நாம் பிடித்துக்கொள்ள இருக்கிற ஒரே கயிறு அதுதான். ஒரு பிரதியில் நிப்ஹுருரியா, இன்னொரு பிரதியில் பிப்ஹுருரியா. பின்னதை எழுத்தரின் கைப்பிழை என்று விட்டுவிடுகிறார்கள். எகிப்து அரசர்களுக்கு நாம் சொல்கிற பெயர் ஒன்று, முடிசூடும்போது வைக்கும் பெயர் வேறொன்று, வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது இந்த இரண்டாவதைத்தான். துட்டன்காமுனுக்கு நெப்கெபெரூரே. அவனுக்கு முன்னால் ஆண்டவன், நெஃபர்டிட்டியின் கணவன் அக்கெனாதெனுக்கு நெஃபெர்கெபெரூரே. இந்த இருவருக்கும் நடுவில் கொஞ்ச காலம் ஆண்ட ஸ்மெங்க்காரேவுக்கு அங்க்கெபெரூரே. நிப்ஹுருரியா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், முதல் பெயர் அப்படியே வந்து உட்கார்கிறது. அக்கெனாதெனைப் பாபிலோன் அரசனும் மித்தானி அரசனும் தங்கள் கடிதங்களில் நப்ஹுருரியா என்றுதான் எழுதுகிறார்கள், நிப் அல்ல. 1948-லேயே எல்மர் எடெல் இந்த ஒலிக்கணக்கைப் போட்டு துட்டன்காமுன் என்று முடித்துவிட்டார். கணவன் துட்டன்காமுன் என்றால் விதவை அங்கெசெனாமுன், அவனுக்கு வேறு பட்டத்து ராணி இருந்ததாக எங்கும் காணோம்.

மகன் இல்லை என்பதும் பொருந்துகிறது. துட்டன்காமுன் கல்லறையில் பிறக்காமலே போன இரண்டு சிசுக்களின் உடல்களைச் சின்னப் பெட்டிகளில் வைத்துப் புதைத்திருந்தார்கள். உயிரோடு வாரிசு இருந்ததற்குத் தடயமே இல்லை. வேலைக்காரன் என்று அவள் யாரைச் சொல்கிறாள் என்றால், அடுத்து அரியணை ஏறிய ஆய் என்கிற வயதான அதிகாரியை, அல்லது படைத்தலைவன் ஹோரெம்ஹெப்பை. இருவருக்கும் அரச ரத்தம் கிடையாது.

எகிப்தியர் ஏன் எழுதவில்லை என்றால், எழுதியிருந்தாலும் தப்பியிருக்காது. ஹோரெம்ஹெப் காலத்திலும் அதற்குப் பின்னும் அக்கெனாதென் முதல் ஆய் வரை எல்லோரையும் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அபிடோஸ் கோயிலில் இருக்கும் அரசர் பட்டியலில் மூன்றாம் அமென்ஹோதெப்புக்கு அடுத்த பெயர் ஹோரெம்ஹெப், நடுவில் யாருமே ஆளாத மாதிரி.


புலாவ்திக்குஸ் (பினாங்கு)

களிமண் அண்ணே, பெயர்க்கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. காலண்டரை எடுத்து வைத்தால் இடிக்கிறதே.

முர்சிலியின் வரிசை இப்படிப் போகிறது. சுப்பிலுலியுமா கார்கெமிஷ் நகரை வளைத்துக்கொண்டிருக்கிறார். அங்கிருந்தே இரண்டு தளபதிகளை அம்கா என்கிற எகிப்து எல்லைப் பகுதிக்கு, அதாவது இன்றைய லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குப் பக்கம், அனுப்புகிறார். அந்த நேரத்தில் ராணியின் தூதன் வருகிறான். அவர் பெரியவர்களைக் கூட்டி, என் ஆயுளில் இப்படி ஒன்று நடந்ததில்லை என்கிறார், தன் அரண்மனை அதிகாரி ஹத்துசாசிதியை உண்மை விசாரித்து வா என்று எகிப்துக்கு அனுப்புகிறார். 7 நாள் முற்றுகை, 8-ஆம் நாள் சண்டை, கார்கெமிஷ் விழுகிறது. அப்புறம் குளிர்காலம், அரசர் ஊர் திரும்புகிறார். வசந்தம் வந்ததும்தான் ஹத்துசாசிதி எகிப்துத் தூதன் ஹனியோடு திரும்பி வருகிறார். அதாவது அரசன் செத்தது குளிர்காலத்துக்கு முன்னால், கோடையின் முடிவோ இலையுதிர் காலமோ.

துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த மாலைகளைப் பார்த்தீர்களா? அவற்றில் இருக்கும் நீலப் பூக்களும் பழங்களும் மார்ச், ஏப்ரல் வாக்கில் கிடைப்பவை என்று தாவரவியல்காரர்கள் சொல்கிறார்கள். உடலைப் பதப்படுத்த வழக்கமாக 70 நாள். பின்னோக்கி எண்ணினால் அவன் செத்தது குளிர்காலத்தின் நடுவில். அப்போது ஹிட்டைட் அரசர் கார்கெமிஷில் இல்லை, ஹத்துசாவில் கணப்பு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய இடி இன்னொன்று. கல்லறையின் வடக்குச் சுவரில் துட்டன்காமுனுக்கு வாய்திறக்கும் சடங்கு, அதாவது செத்தவர் மறுமையில் பேசவும் உண்ணவும் செய்யும் அடக்கச் சடங்கு, செய்வது யார்? ஆய். சிறுத்தைத் தோலும் நீல மகுடமும் போட்டுக்கொண்டு, அரசனாக. அடக்கத்தன்றே புது அரசன் தயார் என்றால், இந்தப் பெண் அதற்குப் பிறகு உட்கார்ந்து யாருக்காக மாப்பிள்ளை தேடுகிறாள்?

அக்கெனாதெனை வைத்துப் பாருங்கள். அவனுடைய கடைசி ஆண்டு 17. ஒரு சாடியில் 17-ஆம் ஆண்டு, தேன் என்று எழுதி, பிறகு அதை அழித்துப் புது அரசனின் முதல் ஆண்டு, திராட்சை மது என்று மாற்றியிருக்கிறார்கள், ஆகவே திராட்சை அறுவடைக் காலத்தை ஒட்டித்தான் செத்திருக்கிறான். பருவம் சரியாக வருகிறது. நெஃபர்டிட்டி அதற்கு முன்பே காணாமல் போய்விட்டாள் என்று முன்பு எழுதினார்கள், அதுவும் இப்போது செல்லாது. தெய்ர் அபூ ஹின்னிஸ் கல்குவாரியில் 16-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு குறிப்பில் அவள் பட்டத்து ராணியாகவே இருக்கிறாள். அப்புறம் 2007-ல் ஜாரெட் மில்லர், முர்சிலி காலத்துப் பலகைத் துண்டு ஒன்றை வைத்து இன்னொரு கணக்கு போட்டார். அதில் அர்மாஆ என்கிற எகிப்து அதிகாரியோடு முர்சிலி மல்லுக்கட்டுகிறான். அர்மாஆ என்பது ஹோரெம்ஹெப், இன்னும் அரசனாகவில்லை. முர்சிலி ஆட்சிக்கு வந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் ஹோரெம்ஹெப் அதிகாரிதான் என்றால், சுப்பிலுலியுமா காலத்தில் செத்த அரசன் துட்டன்காமுனாக இருக்க இடம் போதாது, அவனுக்கு முந்தியவனாக இருக்க வேண்டும்.

மாமாவைச் சும்மா விடாதீர்கள், அவர் பக்கமும் சரக்கு இருக்கிறது.


நாசிகண்டார் பிரியன் (பினாங்கு)

நடுவில் புகுந்து ஒரு சந்தேகம். நெஃபர்டிட்டி எழுதினாள் என்றால், எனக்கு மகன் இல்லை என்று சொல்லும்போது வீட்டில் துட்டன்காமுன் சின்னப் பையனாக ஓடிக்கொண்டிருந்தானே? வயிற்றில் பிறக்காவிட்டாலும் அரசனின் பிள்ளை. ஹத்துசாசிதி உண்மை விசாரிக்கத்தானே போனார், அரண்மனையில் ஒரு பையன் இருந்ததைப் பார்க்காமலா வந்தார்?

ஏதோ தெரிந்ததைச் சொன்னேன், தே தாரிக் ஆறுவதற்குள் போகிறேன்.


களிமண் (பிரிக்பீல்ட்ஸ்)

நாசிகண்டார் கேட்டது சரியான கேள்வி. ராணியின் இரண்டாவது கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான். என்னை ஏமாற்றுகிறார்கள் என்று ஏன் சொன்னீர்கள், எனக்கு ஒரு மகன் இருந்தால் என் அவமானத்தையும் என் நாட்டின் அவமானத்தையும் வெளிநாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பேனா, வேறு எந்த நாட்டுக்கும் எழுதவில்லை, உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன் என்று பொரிந்து தள்ளுகிறாள். இது வெறும் கோபம் இல்லை. இவளுக்குச் சில பத்து ஆண்டுகளுக்கு முன்னால் பாபிலோன் அரசன் எகிப்து இளவரசி ஒருத்தியைப் பெண் கேட்டபோது, எகிப்து அரசனின் மகளை எந்தக் காலத்திலும் யாருக்கும் கொடுத்ததில்லை என்று மூன்றாம் அமென்ஹோதெப் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார், எகிப்தின் அமர்னாவில் கிடைத்த, வெளிநாட்டு அரசர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தான அமர்னா கடிதங்களில் இருக்கிறது. பெண்ணையே கொடுக்காத நாட்டில் வெளியூர்ப் பையனைக் கூப்பிட்டு அரியணையில் உட்காரச் சொல்வது என்றால், அவளுக்கு எவ்வளவு நெருக்கடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புலாவ்திக்குஸ் அக்கா, காலண்டர் பிரச்சினையை நான் மறைக்கவில்லை. ஆனால் 70 நாள் என்பது உடலைப் பதப்படுத்தும் கணக்கு, அடக்கத்தைத் தள்ளிப்போட முடியாது என்று சட்டம் இல்லை. கோடையில் செத்து, வசந்தம் வரை அடக்கத்தை இழுத்தடித்தார்கள் என்று வைத்தால், ராணி மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தாள் என்பதே அந்தத் தாமதத்துக்குக் காரணமாகிவிடும். ஊகம்தான். அர்மாஆ விஷயத்திலும் அவர் அப்போது அரசனா இல்லையா என்று பலகையில் நேரடியாக இல்லை, அவரை அரசன் என்று சொல்லாததை வைத்து முடிவு செய்கிறார்கள். அதற்கு எதிரே நிப் என்கிற எழுத்து கண்ணெதிரே இருக்கிறது. அக்கெனாதென் பெயரை வெளிநாட்டவர் பல பேர் பல தடவை எழுதியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் நப் என்று எழுதிவிட்டு இங்கே மட்டும் ஏன் நிப் என்று மாற வேண்டும்?

மெரிடாடெனை யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் ஒரு கட்சி உண்டு. அக்கெனாதெனின் மூத்த மகள், ஸ்மெங்க்காரேவின் மனைவி. அவளை வெளிநாட்டவர் நன்றாகவே அறிந்திருந்தார்கள், அமர்னா கடிதங்களில் மாயாதி என்று பெயர் சொல்லியே வருகிறாள், தீர் நகர அரசன் அபிமில்கி தன்னை மாயாதியின் ஊழியன் என்கிறான். ஆனால் அவள் கணவனின் பெயரை எப்படித் திருகினாலும் நிப்ஹுருரியா வராது. அதனால் எனக்கு அவள் மேல் நம்பிக்கை இல்லை.


பட்டர்வொர்த் வாத்தியார்

பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் நான். எகிப்து என் துறை இல்லை, ஆனால் வெளிநாட்டுக்காரன் எழுதிவைத்த பெயரை வைத்துக்கொண்டு அல்லாடுவது நமக்கும் பழகிய வேலைதான், அதனால் எழுதுகிறேன்.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் சங்கிராம விசயோத்துங்கவர்மன் ஆகிய கடாரத்தரசன் என்று வருகிறதல்லவா, இங்கே கெடாவிலிருந்து ஒரு கல் கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் இத்தனை கட்டட அடித்தளங்கள் இருந்தும், அந்த ஆள் யார், என்ன ஆனான் என்பதற்கு ஜெயித்தவன் எழுதியதுதான் ஒரே சாட்சி. சோழர்களே சீனாவுக்குப் போனபோது அவர்கள் பாடும் அதுதான். 1015-ல் போன தூதர்களின் அரசனைச் சீனர்கள் லோ-சா-லோ-சா என்று எழுதினார்கள், ராஜராஜன் என்று எளிதில் கண்டுபிடித்துவிடலாம். 1077-ல் போனவர்களின் அரசன் பெயர் தி-ஹுவா-கியா-லோ. குலோத்துங்கன் என்கிறார்கள் சிலர், ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்னால் ஸ்ரீவிஜயத்திலிருந்து வந்த ஒருவருக்கும் சீன ஏட்டில் இதே பெயர் இருக்கிறது. அது ஒரே ஆளா, இருவரா என்று இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் இருவரும் செய்வதும் அதேதான், ஒலியை நம்புவதா, நாள்கணக்கை நம்புவதா. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது, ஒலி பொருந்தினால் அதை முதல் கட்சியாக வை, நாள்கணக்கு உதைத்தால் அதை மறைக்காமல் சொல். தம்பி செந்தூல்வாசி, பேச்சில் அங்கெசெனாமுன் என்று சொல்லலாம். அடித்துச் சொல்லத்தான் கூடாது.

ஹாங் லி போ கதையை யாராவது இழுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மலாக்கா சுல்தானுக்குச் சீன இளவரசி வந்தாள் என்று மலாய் வரலாற்று நூல் விரிவாகச் சொல்கிறது, மிங் அரசவைக் குறிப்புகளில் அப்படி ஒரு இளவரசி இல்லை. ஹிட்டைட் கதை அந்த ரகம் கிடையாது. இங்கே முர்சிலி தனக்குப் பெருமை தராத இடத்திலும் இதைச் சொல்கிறான், அதனால் நம்பலாம்.


செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

அக்கா, அண்ணே, ஐயா, எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஐயா, கடைசி வரி புரியவில்லை, பெருமை தராத இடம் என்றால் எது?

அப்புறம் இன்னொன்று. பையன் செத்த பிறகு அவள் என்ன ஆனாள்? வட்டத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். காட்ட ஒரு படமும் வேண்டும்.


பட்டர்வொர்த் வாத்தியார்

முர்சிலியின் கொள்ளைநோய்ப் பிரார்த்தனைகள், தம்பி. சன்னன்சா செத்ததும் சுப்பிலுலியுமா ஆத்திரத்தில் எகிப்துப் பகுதிகளை அடித்தார், பிடித்து வந்த கைதிகளோடு கொள்ளைநோயும் ஹிட்டைட் நாட்டுக்குள் வந்துவிட்டது. 20 ஆண்டுகளாக ஜனங்கள் சாகிறார்கள் என்று முர்சிலி கடவுளிடம் அழுகிறான். காரணம் தேடிப் பழைய பலகைகளைப் புரட்டும்போது, குருஸ்தமா ஒப்பந்தம் என்று எகிப்தோடு செய்துகொண்ட சத்தியத்தை அப்பாதான் மீறினார் என்று கண்டுபிடிக்கிறான். அம்காவுக்குப் படை அனுப்பியது அந்த மீறல். எகிப்தியர் பயந்துபோய் மகனைக் கேட்டார்கள், அப்பா கொடுத்தார், கூட்டிப்போகும்போதே கொன்றுவிட்டார்கள் என்று அங்கேயும் சொல்கிறான். வேடிக்கை என்னவென்றால், ஹனி வந்து உட்கார்ந்திருந்த அன்று சுப்பிலுலியுமா இதே ஒப்பந்தப் பலகையைக் கொண்டுவரச் சொல்லி, இரு நாடும் பழைய நண்பர்கள் என்று எல்லோர் முன்னாலும் படிக்க வைத்தார். அப்பாவின் பாவத்தைக் கடவுளிடம் ஒப்புக்கொள்கிற இடத்தில் ஒருவன் கதை கட்ட மாட்டான்.


களிமண் (பிரிக்பீல்ட்ஸ்)

அவள் என்ன ஆனாள் என்பதற்கு, அங்கெசெனாமுன் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1931-ல் பெர்சி நியூபெரி கெய்ரோவில் ஒரு மோதிரத்தைப் பார்த்தார், அதில் ஆய் பெயரும் அவள் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வேண்டாம் என்று சொன்ன அந்த வேலைக்காரனையே கட்டவேண்டி வந்தது என்று பலர் எழுதுவது இதை வைத்துத்தான். மோதிரம் ஒன்றை வைத்துக் கல்யாணம் என்று முடிவு கட்டுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது, ஏனென்றால் ஆயின் சொந்தக் கல்லறைச் சுவரில் ராணியாக நிற்பது அவனுடைய பழைய மனைவி தெய், இவள் இல்லை. அதற்குப் பிறகு இவள் பெயர் எங்கும் வரவில்லை. கல்லறையும் கிடைக்கவில்லை.

எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில் கேவி 21 என்று எண்ணிட்ட கல்லறையில் இருந்த தலையில்லாத மம்மி இவளுடையது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2010-ல் வந்த மரபணு ஆய்வில் அந்தச் சிசுக்களின் தாயாக அவள் இருக்கலாம் என்று வந்தது, ஆனால் தரவு போதவில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள். பேச்சில் அதை எடுக்க வேண்டாம்.

படம் என்றால் அக்கா சொன்ன வடக்குச் சுவரையே போடுங்கள், இரண்டு கட்சிக்கும் அதுதான் சாட்சி. இணையத்தில் நல்ல தெளிவாகக் கிடைக்கிறது. வலது பக்க ஓரத்தில் சிறுத்தைத் தோலோடு நிற்பவர் ஆய், அவருக்கு எதிரே வெள்ளைத் துணி சுற்றி நிற்பது துட்டன்காமுன். பெரிதாக்கிக் காட்டும்போது ஆய் தலைக்கு மேல் இருக்கும் பெயர் வளையங்கள் திரையில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அரசன் என்பதற்கு ஆதாரமே அந்த வளையங்கள்தான், பலர் போடும் படத்தில் அதை வெட்டிவிடுகிறார்கள்.